பாறையில் ஆர்வித் பேசிய வசனம்

எங்கள் ஊர்க்காரர்களிடம் வந்து அபிப்பிராயம் கேட்பவர்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும். கல்யாண விருந்தை மூக்குப் பிடிக்கத் தின்றுவிட்டு 'பரவாயில்லை' என்பார்கள். அது பாராட்டு. 'மோசமில்லை' என்று சொல்லிவிட்டால் சமையல்காரி அன்றைக்கு ராத்திரி சந்தோஷத்தில் தூங்க மாட்டாள். ஓஸ்லோவிலிருந்து வந்த தீரிலுக்கு இதெல்லாம் தெரியாது. முப்பது வயதுகூட ஆகாத பெண். இரண்டு குளிர்காலம் எங்கள் கடலில் நடுங்கி நடுங்கி ஒரு படம் எடுத்திருந்தாள். ஊர் ஊராகப் போகும் சினிமா வண்டியில் அதை ஏற்றிக்கொண்டு, கடற்கரை ஊர்களில் முதலில் உங்களுக்குத்தான் காட்ட வேண்டும் என்று எங்கள் மோஸ்னெஸுக்கே வந்து இறங்கிவிட்டாள்.

நான் போர்கில். ஊர் மன்றத்தின் சாவி என்னிடம்தான் இருக்கிறது. நாற்காலி போடுவது, காபி வைப்பது, வாஃபிளுக்கு மாவு கரைப்பது எல்லாம் நான்தான். ஆகவே அன்றைய சாயங்காலம் யார் எங்கே உட்கார்ந்தார்கள், யார் முகம் எப்படிப் போனது என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி.

படத்தின் கதை எங்கள் ஓட்முனுடையது. அப்படித்தான் சொல்லிக்கொண்டார்கள். பல வருஷங்களுக்கு முன்பு ஒரு பிப்ரவரியில் ஓட்முனும் ஆர்வித்தும் காட் மீன் பிடிக்கப் போன சின்னப் படகு, பனிக்காற்றில் வழி தெரியாமல் பாறையில் மோதி உடைந்தது. இரண்டு பேரும் ஒரு மொட்டைப் பாறைத்திட்டில் தொற்றி ஏறிவிட்டார்கள். ஆர்வித்துக்கு நெஞ்சில் அடி. அன்று ராத்திரியே போய்விட்டான். மறுநாள் ஹெலிகாப்டர் வந்து ஓட்முனைத் தூக்கியது. கால்விரல்கள் சில போனதோடு ஓட்முன் பிழைத்தான். நடந்தது இவ்வளவுதான்.

அப்போது வாரத்துக்கு ஒருநாள் எங்கள் ஊருக்கு ஒரு பல் டாக்டர் வந்துகொண்டிருந்தார். ஓட்முனின் கடைவாய்ப் பல்லைக் குடைந்துகொண்டே பாறையைப் பற்றி நாலு கேள்வி கேட்டாராம். வாய் நிறையப் பஞ்சை வைத்துக்கொண்டு மனுஷன் என்ன பதில் சொல்லியிருப்பான்? அந்த நாலு 'ம்'மை வைத்து டாக்டர் நானூறு பக்க நாவல் எழுதிவிட்டார். நாவலில் ஓட்முனுக்கு யாக்கோப் என்று பெயர், ஆர்வித்துக்கு மத்தியாஸ். ஒரு ராத்திரி மூன்று வாரமாக நீண்டிருந்தது. புத்தகம் நாடு முழுக்க விற்றது. அந்த நாவலைத்தான் தீரில் படமாக எடுத்திருந்தாள். டாக்டர் இப்போது ஸ்பெயினில் வெயில் காய்கிறார்.

ஆர்வித்தின் மனைவி இங்குன் அந்த நாவலை வாங்கினாள், படிக்கவில்லை. பெயர் தெரியாதபடி முதுகை உள்பக்கமாகத் திருப்பி அலமாரியில் செருகி வைத்திருந்தாள்.

எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. யாரும் எழுதி வைத்ததில்லை, ஆனால் மீறியவர்களும் இல்லை. ஒருவன் கடலோடு போய்விட்டால், கூடப் போய்த் திரும்பி வந்தவனிடம் எதுவும் கேட்கக் கூடாது. அவனாகச் சொன்னால் கேட்டுக்கொள்ளலாம். சொல்லாவிட்டால் விட்டுவிட வேண்டும். அதை நாங்கள் மரியாதை என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

இந்த மரியாதையை ஓட்முனும் இங்குனும் கட்டிக் காத்த அழகைச் சொல்ல வேண்டும். சனிக்கிழமை தவறாமல் அவன் அவள் வீட்டுக்கு வருவான். வாசல் பனியை அள்ளுவான், நல்ல மீனாக ஒன்று கொண்டுவந்து கொடுப்பான், சமையலறையில் உட்கார்ந்து இரண்டு கோப்பை காபி குடிப்பான். மீன் விலை, காற்று, அரசாங்கம் எல்லாம் பேசுவார்கள். ஆர்வித்தின் பெயர் மட்டும் வராது. இருபது வருஷத்துக்குப் பக்கமாக இப்படியே.

இங்குனின் மனதில் இருந்தது என்ன என்று எனக்கு மட்டும் தெரியும். ஒரே ஒரு தடவை சொல்லியிருக்கிறாள். படகு உடைந்த அன்று காலை ஆர்வித் தினம்போல் அவளைக் காரில், அவள் வேலை பார்த்த பள்ளிக்கூடச் சமையலறையில் இறக்கிவிட வந்தபோது வழி நெடுக இரண்டு பேருக்கும் சண்டை. போடோ நகரத்துக்குக் குடிபோகலாம் என்று இவள், இந்தக் கடலை விட்டு வர மாட்டேன் என்று அவன். அவள் திரும்பிப் பார்க்காமல் கதவை அறைந்துவிட்டு இறங்கிப் போனாள். அவன் நேராகப் படகுத்துறைக்குப் போனான்.

"கோவத்தோடயே போயிட்டானா போர்கில்?" என்று அன்றைக்கு என்னிடம் கேட்டாள். "ஓட்முன் வாயத் தொறக்கவே மாட்டேங்குறான். என்னப் பத்தி சொல்லக் கூடாதது எதையோ சொல்லியிருக்கான் அவன். அதான் இவன் முழுங்கிட்டு உக்காந்திருக்கான்."

ஓட்முனிடம் கேட்டுச் சொல்கிறேன் என்று எனக்கும் வாய் வரவில்லை.

படம் காட்டும் நாளில், "நீ வராத. தலைவலின்னு சொல்லிடு," என்றேன்.

"ஊரே அங்க இருக்கும்போது நான் மட்டும் வீட்ல இருந்தா அதையும் பேசுவீங்கடி," என்றாள் இங்குன். பின்னிக்கொண்டிருந்த கம்பளிக் கையுறையைப் பையில் போட்டுக்கொண்டு வந்து மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தாள். ஓட்முன் கடைசி வரிசையில், கதவுக்குப் பக்கத்தில். தப்பி ஓட வசதியான இடம்.

படம் அழகாக இருந்தது. அதை நான் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். நான் பிறந்ததிலிருந்து பார்க்கிற கடல்தான். குப்பை கொட்ட வெளியே போகும்போது வானத்தில் பச்சை ஒளி ஆடினால், குளிருதே என்று காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு உள்ளே ஓடுகிறவள் நான். அதே ஒளியை அந்தப் பெண் திரை முழுக்க விரித்துப் போட்டபோது கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தேன். அலையை அடியிலிருந்து எடுத்திருந்தாள். தண்ணீருக்குள் வெளிச்சம் இறங்கும்போது கண்ணாடிச் சாமான்கள் அடுக்கிய அலமாரியைத் திறந்தது போல் இருந்தது. தாடியில் உறைந்த நீர்த்துளி ஒவ்வொன்றிலும் சூரியன். வீட்டு வாசலில் கிடப்பதைக் காசு கொடுத்துப் பார்த்து அழுகிறோமே என்று என் மேலேயே எனக்கு ஆத்திரமாக வந்தது.

மற்றவர்களும் கலங்கித்தான் போயிருந்தார்கள். காட்டிக்கொள்ளத் தெரியாததால் குற்றம் கண்டுபிடித்தார்கள். துறைமுகப் பேதர் ஆரம்பித்தான். பாறையில் யாக்கோப் கடல்பறவை முட்டையை உடைத்துக் குடிக்கிற இடம்.

"பிப்ரவரியில ஏதுடா முட்டை? அந்தப் பறவை வர்றதே ஏப்ரல்லதான்."

"அதுவும் நடிக்க வந்திருக்கு, பேசாம பாரு," என்றாள் அவன் மனைவி.

ஒரு சீல் நீந்தி வந்து மத்தியாஸின் கையை முகர்ந்தது. பின்னாலிருந்து யாரோ, "வலையக் கிழிக்கிற திருட்டுப் பய," என்று திட்டினார்கள். மூக்கை உறிஞ்சிக்கொண்டேதான் திட்டினார்கள்.

பிறகு அந்த இடம் வந்தது. கடல் அடங்கிக் கிடக்கிறது. மேலே பச்சை ஒளி. யாக்கோபின் மடியில் மத்தியாஸ் தலை சாய்த்திருக்கிறான். நடிகன் நல்ல வடிவானவன். ஆர்வித்துக்கு அந்தத் தாடையும் கிடையாது, அந்தப் பல்லும் கிடையாது. காட்சி அசையாமல் நின்றது. மத்தியாஸ் மெதுவாகப் பேசினான்.

"காலையில சண்டை போட்டுட்டு வந்தேன். அவ சொன்னதுதான் சரி. நான் கோவத்தோட போகலன்னு அவகிட்ட சொல்லு, யாக்கோப். சொல்லுவியா?"

யாக்கோப் சொல்லுகிறேன் என்றான். நான் இங்குனைப் பார்த்தேன். பின்னிக்கொண்டிருந்த கை நின்றுபோயிருந்தது. அவள் திரையைப் பார்க்கவில்லை. கழுத்தைத் திருப்பிக் கடைசி வரிசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் கணக்கு எனக்குப் புரிந்தது. சண்டையைப் பற்றி அவள் சொன்னது என்னிடம் மட்டும். நான் யாரிடமும் சொன்னதில்லை. அப்படியானால் டாக்டருக்கு எப்படித் தெரியும்? ஆர்வித் பாறையில் சொல்லி, ஓட்முன் கேட்டு, டாக்டரிடம் சொல்லியிருந்தால்தான் தெரியும். அப்படி என்றால் அந்த வசனம் நிஜம். அவன் கோபத்தோடு போகவில்லை. எனக்குமே ஒரு நிமிஷம் அப்படித்தான் தோன்றியது. அப்புறம், புருஷன் ஆபத்தில் மாட்டுகிற எந்தக் கதையில்தான் அன்று காலையில் பெண்டாட்டியோடு சண்டை வராமல் இருந்தது என்றும் தோன்றியது. தோன்றியதை யாரிடம் சொல்வது?

விளக்கு எரிந்தது. கைதட்டினார்கள், ஞாயிற்றுக்கிழமை பாட்டுக் குழுவுக்குத் தட்டுகிற அளவுக்கு. தீரில் முன்னால் வந்து நின்றாள்.

"எப்படி இருந்துச்சு? நீங்க எது சொன்னாலும் கேட்டுக்கிறேன்."

ஆளாளுக்குத் தங்கள் பூட்ஸைப் பார்த்துக்கொண்டார்கள். பாவம், போனை எடுத்து ஓஸ்லோவில் பார்த்தவர்கள் எழுதியதை வாசித்துக் காட்டினாள். ஒவ்வொரு காட்சியும் ஓவியம் என்று ஒருவர். மூச்சே நின்றுவிட்டது என்று இன்னொருவர்.

"மூச்சு நின்னவன் எப்படி எழுதுனான்?" என்றான் பேதர்.

எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரிக்க முயன்றாள்.

"நீங்க ஏதாவது கேக்கணுமா?" என்றாள்.

பேதர் எழுந்து நின்றான். தொண்டையைச் செருமினான். ஏதோ பெரிதாக வரப்போகிறது என்று அந்தப் பெண் கண்ணை அகலமாக வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

"முதல்ல உடையுதே, அந்தப் படகு. அதுக்கு என்ன எஞ்சின்?"

அதோடு கேள்வி நேரம் முடிந்தது. எல்லாரும் காபிக்கு வரிசையில் வந்தார்கள். தீரில் சமையலறைக் கதவருகே வந்து என்னிடம், "பிடிக்கலையா இவங்களுக்கு?" என்று கேட்டாள். அழுதுவிடுவாள் போலிருந்தது.

"அட போம்மா. பிடிக்கலன்னா பாதியிலயே எந்திரிச்சுப் போயிருப்பாங்க. ஒருத்தன் அசையல பாத்தியா? பேதர் பெண்டாட்டி கைக்குட்டையப் பிழியுறா. உன் படம் மோசமில்லை."

"மோசமில்லையா?" என்றாள், முகம் இன்னும் வாட.

"ஐயோ, இதுக்கு மேல ஒரு வார்த்தை எங்ககிட்ட கிடையாதும்மா," என்று ஒரு வாஃபிளில் பழுப்புச் சீஸை வைத்துக் கையில் கொடுத்தேன்.

அப்போதுதான் இங்குனின் குரல் கேட்டது. உரக்கப் பேசுகிறவள் இல்லை அவள். ஆனால் வரிசை முழுக்கக் கேட்டது.

"ஓட்முன்."

அவன் கதவுக்குப் பக்கத்தில் கோட்டில் ஒரு கையை நுழைத்தபடி நின்றுகொண்டிருந்தான். மற்றக் கையை நுழைக்கவில்லை.

"ஆர்வித் அப்படிச் சொன்னானா?"

இப்படி ஒரு கேள்வியை எங்கள் ஊரில் யாரும் கேட்டு நான் கேட்டதில்லை. வரிசையில் நின்றவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். ஒருவன் தன் காபிக் கோப்பைக்குள் ஏதோ விழுந்துவிட்டது போல் உற்றுப் பார்த்தான். தீரில் வாஃபிளைக் கையில் வைத்தபடி அப்படியே நின்றாள்.

ஓட்முன் 'ஆமாம்' என்று சொல்லியிருக்கலாம். வசனத்தை எழுதிக் கொடுத்து, அழகாகப் படமும் எடுத்துக் காட்டியாகிவிட்டது. ஒரு தலையசைப்பு போதும். அவள் நிம்மதியாக வீட்டுக்குப் போவாள். சொல்லேன்டா என்று நான் மனதுக்குள் கெஞ்சினேன்.

"இல்ல," என்றான்.

இங்குனின் முகம் வெளிறிப்போனது. ஆனாலும் நகரவில்லை.

"டாக்டர்கிட்ட நீ சொல்லலையா?"

"நான் எங்க சொன்னேன்? வாயில ஊசியில்ல குத்தியிருந்தான். ஆர்வித் ஏதாச்சும் சொன்னானான்னு கேட்டான், தலைய ஆட்டினேன். மிச்சத்த அவனே எழுதிக்கிட்டான்."

"அப்ப ஏதோ சொன்னான்."

ஓட்முன் கதவைப் பார்த்தான்.

"என்ன சொன்னான்?"

"வா, வெளிய போய்ப் பேசுவோம்."

"வெளிய போனா நீ மீன் விலை பேசுவ. இங்கயே சொல்லு. என்னத் திட்டினானா? திட்டினான்னா திட்டினான்னு சொல்லு. நான் தாங்கிக்குவேன். இத்தன சனிக்கிழமை நீ வாயத் தொறக்காம உக்காந்திருந்தியே, அதத்தான் என்னால தாங்க முடியல."

ஓட்முன் அவளை நிமிர்ந்து பார்த்தான். நிஜமாகவே திகைத்துப் போயிருந்தான்.

"திட்டினானா? உன்னையா?" என்றான். "நீ கேக்கவே இல்லையே இங்குன். உனக்குத் தெரிஞ்சுக்க வேண்டாம்போலன்னு நான் இருந்தேன். அதுவும் போக, அவன் சொன்னது சொல்ற மாதிரி ஒண்ணுமில்ல. செத்துப்போறவன் பேசுற பேச்சா அது? அத எப்படி ஒரு பொம்பள வீட்டுக்கு வந்து, இந்தா உன் புருஷன் கடைசியா சொன்னதுன்னு குடுக்கறது? எனக்கு வெக்கமா இருந்துச்சு."

"குடு இப்ப."

அவன் கோட்டிலிருந்து கையை உருவினான். தரையைப் பார்த்துக்கொண்டு பேசினான்.

"ரொம்ப நேரம் பேச்சில்லாமதான் கெடந்தான். மூச்சு விடவே வலிச்சது அவனுக்கு. பனி கொட்ட ஆரம்பிச்சுது. அப்ப சொன்னான், கார் ஜன்னல ஏத்தாம வந்துட்டேன்னு."

ஒருவரும் சிரிக்கவில்லை. தீரிலுக்குச் சரியாகக் கேட்கவில்லை போலிருக்கிறது, என்னைப் பார்த்தாள். நான் பேசாதே என்று கையைக் காட்டினேன்.

"துறையில நிக்குது, ஜன்னல் தொறந்து கெடக்கு, பனி முழுக்க உள்ள விழும்னான். நீ உக்காருற பக்கத்து ஜன்னல். அவ்வளவுதான் இங்குன். கடவுளப் பத்தியும் பேசல, என்னப் பத்தியும் பேசல. அந்தக் கார் ஜன்னல்தான்."

இங்குன் பக்கத்திலிருந்த நாற்காலியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக உட்கார்ந்தாள். ஓட்முன் பயந்துபோய் இரண்டு அடி முன்னால் வந்தான். நானும் கரண்டியைப் போட்டுவிட்டு ஓடினேன். அவள் கையை நீட்டி எங்களை நிறுத்தினாள்.

"அத எறக்கிவிட்டது நான்," என்றாள். "அவன் புகை பிடிச்சுக்கிட்டே வந்தான். சண்டையில எனக்கு அந்த நாத்தம் வேற. வெடுக்குன்னு ஜன்னல எறக்கினேன். பள்ளிக்கூடம் வந்ததும் அப்படியே விட்டுட்டு, கதவ அறைஞ்சிட்டு எறங்கிட்டேன்."

"அது எனக்குத் தெரியாது," என்றான் ஓட்முன்.

"அவன் சொல்லலையா? நான் எறக்கிவிட்டேன்னு?"

"நீ எறக்கினன்னு அவன் சொல்லவே இல்ல. நான் ஏத்தாம வந்துட்டேன்னுதான் சொன்னான்."

புருஷனின் காரைப் போலீஸ்காரர் ஓட்டிக்கொண்டு வந்து வீட்டில் விட்ட சாயங்காலம் எனக்கு ஞாபகம் இருக்கிறது. அவரோடு அதே காரில்தான் இங்குனும் துறையிலிருந்து வந்து இறங்கினாள். பாவாடையெல்லாம் ஈரம். துறையில் காத்து நின்றபோது அலை அடித்திருக்கும் என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம்.

"நனஞ்சுதான் இருந்துச்சு ஓட்முன்," என்றாள். "சீட்டு முழுக்க. நான் அதுலதான் உக்காந்து வந்தேன். பாத்தியா, உன்னால வந்ததப் பாத்தியான்னு அவன் சொல்ற மாதிரியே இருந்துச்சு எனக்கு. இன்னிக்கு வரைக்கும்."

ஓட்முன் அவள் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்தான். விரல் போன கால், அப்படி உட்கார்வது அவனுக்குச் சுலபமில்லை. ஊர் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, அவன் அழுதான். கண்ணைத் துடைக்கக்கூட அவனுக்குத் தோன்றவில்லை.

"அப்படியெல்லாம் ஒண்ணும் சொல்லல," என்றான். "நாளைக்கு காலையில அந்த ஈர சீட்டுல அவ எப்படி உக்காருவான்னு கேட்டான். ரெண்டு தடவ கேட்டான்."